பிளஸ் டூவில் 571, முதல் இன்டர்னலில் 50-க்கு 11. எங்கே கோட்டை விட்டேன்?

தறிச்சத்தம் | அக்டோபர் 12, இரவு 11:52

வணக்கம்ங்க. ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

ஊர் குமாரபாளையம். வீட்டில் நான்கு தறி, கூலிக்கு ஓட்டுகிறோம். பத்தாவது வரை உள்ளூர்ப் பள்ளி. பிளஸ் ஒன், பிளஸ் டூ நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளி. 600-க்கு 571, கணக்கில் 98, கட் ஆஃப் 193. கோயமுத்தூரில் ஒரு காலேஜில் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல்) கிடைத்தது. அப்பா தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம் முதல் இன்டர்னல் (செமஸ்டருக்கு நடுவில் காலேஜே வைக்கிற தேர்வு) பேப்பர் கொடுத்தார்கள். கணக்கில் 50-க்கு 11. பேப்பரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரூமுக்கு வந்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

படிக்காமல் போய் எழுதியிருந்தால் பரவாயில்லை. படித்தேன். நோட்டில் இருந்த கணக்கெல்லாம் இரண்டு தடவை பார்த்தேன். ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன். ஒரு அணி (மேட்ரிக்ஸ்): முதல் வரிசை 8, −6, 2. அடுத்தது −6, 7, −4. அதற்கடுத்தது 2, −4, 3. "இதன் ஐகன் மதிப்புகளில் இரண்டு 3, 15. மூன்றாவதைக் காண்க. இந்த அணிக்கு நேர்மாறு உண்டா? காரணம் கூறுக." இதே அணி என் நோட்டில் இருக்கிறது. உடனே சந்தோஷமாக, ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கிற நீளமான வழியான சிறப்பியல்புச் சமன்பாட்டில் ஆரம்பித்து முழுசாகப் போட்டேன். நடுவில் ஒரு மைனஸ் விட்டுப்போய் விடை எங்கேயோ போய்விட்டது. இருபது நிமிடம் காலி. அது வெறும் 4 மார்க் கேள்விங்க.

பள்ளியில் 4:45-க்கு எழுப்பிவிடுவார்கள். குளித்து, படித்து, ஏழு மணிக்கு டெஸ்ட். மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. திருத்தி அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். குறைந்தால் திரும்ப எழுத வேண்டும். அதைத் திட்டிக்கொண்டேதான் இரண்டு வருடம் இருந்தேன். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆறு வாரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

எனக்கு மூளையே அவ்வளவுதானா, இல்லை நான் எதையாவது மாற்ற வேண்டுமா? அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்க.

---

நொய்யல்கரை | அக்டோபர் 13, காலை 7:10

தம்பி, எனக்கு முதல் இன்டர்னலில் 9. இப்போது மூன்றாம் வருடம், அரியர் இல்லை. அதனால் முதலில் போய்ச் சாப்பிடு. நம்ம ஹாஸ்டல்களில் திங்கட்கிழமை இட்லி மட்டும்தான் ஒழுங்காக இருக்கும்.

மார்க்கை வீட்டில் சொல்லிவிடு. நான் இரண்டு மாதம் மறைத்தேன். அந்த இரண்டு மாதமும் போன் அடித்தாலே வயிறு கலங்கும், அதிலேயே பாதிப் படிப்பு போனது.

அப்புறம் ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய் திங்கள் காலை வருகிற ஆளா நீ?

---

தறிச்சத்தம் | அக்டோபர் 13, காலை 7:41

ஆமாங்கண்ணா. எல்லா வாரமும். ஞாயிற்றுக்கிழமை தறியில் அம்மாவுக்கு ஆள் வேண்டும். புத்தகம் கொண்டுபோவேன். பையைத் திறந்ததே இல்லை.

---

தாராபுரத்தான் | அக்டோபர் 13, காலை 9:25

வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இது பிராய்லர் பள்ளிகளின் வினை. கோழியைக் கூண்டில் அடைத்து நாற்பது நாளில் எடை ஏற்றுகிற மாதிரி பிள்ளைகளுக்கு மார்க் ஏற்றுகிறார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே ஓட்டினார்கள், அதைத் தடுக்கத்தானே 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வி, கைடு, ஒரு மார்க் கேள்வித் தொகுப்பு. இதைத் தவிர ஒன்றும் தெரியாமல் வருகிறார்கள்.

நான் 1200-க்கு எழுதிய காலத்து ஆள், 931 தான் வாங்கினேன். பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். வருடா வருடம் புதுப் பையன்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: தோட்டத்து மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் என்ன செய்வாய்? "மூன்று வயரில் எந்த இரண்டையாவது மாற்றிக் கொடுப்பேன்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது எங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிற தாத்தாவுக்கும் தெரியும். மாற்றினால் ஏன் திரும்புகிறது என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் முகட்டைப் பார்க்கிறார்கள். ஃபேஸ் வரிசை மாறினால் உள்ளே சுழல்கிற காந்தப்புலத்தின் திசை மாறும், ரோட்டார் அதன் பின்னால் போகும். இவ்வளவுதான். இதைப் பரீட்சையில் 13 மார்க்குக்கு எழுதியவர்கள்தான் அந்த எட்டுப் பேரும்.

தம்பி, உன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதை மொத்தமாக மறந்துவிடு. அதுதான் முதல் வேலை.

---

சாக்பீஸ் | அக்டோபர் 13, இரவு 9:48

ஈரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். முதல் வருடப் பிள்ளைகள்தான் எப்போதும்.

தம்பி, முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுவோம், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் அணியின் முதன்மை மூலைவிட்டக் கூட்டுத்தொகை வரும். 8 + 7 + 3 = 18. கையில் இருக்கிற 3, 15 இரண்டுமே சேர்ந்து 18 ஆகிவிட்டது. ஆக மூன்றாவது 0. ஐகன் மதிப்புகளைப் பெருக்கினால் வருவது அணிக்கோவை (டிடர்மினன்ட்). அதில் ஒன்று 0 என்றால் பெருக்கலும் 0. அணிக்கோவை 0 என்றால் நேர்மாறு கிடையாது. மூன்று வரி, இரண்டு நிமிடம்.

இந்தப் பண்புகள் உன் நோட்டிலும் இருக்கும். 2 மார்க்குக்கு என்று தனியாக மனப்பாடம் செய்திருப்பாய். 13 மார்க் கணக்கு ஒரு பெட்டி, 2 மார்க் விடை வேறு பெட்டி. இரண்டும் ஒரே அணியைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது உனக்குப் படவில்லை. வினாத்தாள் எடுத்தவர் அந்த இரண்டு பெட்டிக்கும் நடுவில் கை வைத்துவிட்டார். வேறொன்றும் நடக்கவில்லை.

இப்போது தாராபுரத்தாருக்கு. பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி மாட்டேன். "பள்ளியில் கற்றதை மொத்தமாக மற" என்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகப் பிள்ளைகளைக் கெடுத்த அறிவுரை. அந்தப் பள்ளிகள் இரண்டு காரியம் செய்கின்றன. ஒன்று, விடையைக் கையில் கொடுத்து அப்படியே எழுதச் சொல்வது. இரண்டாவது, தினமும் மூன்று டெஸ்ட். முதலாவதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இரண்டாவதைப் போட்டுவிட்டால் என்ன மிச்சம்? இந்தத் தம்பி 571 வாங்கியது அதிகாலையில் எழுந்து படித்ததால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஏழு மணிக்குப் புத்தகத்தை மூடவைத்து எழுதச் சொன்னார்களே, அதனால் வாங்கியது.

இது என் ஊகமில்லை. 1885-ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பங்கு போய்விடுகிறது, அப்புறம்தான் மறதி மெதுவாகிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள்.

நோட்டை இரண்டு தடவை "பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாய் பார். அது ஐந்து நிமிடக் கூட்டம். பள்ளியில் உனக்காக வேறு யாரோ டெஸ்ட் வைத்தார்கள். இங்கே அந்த ஆள் இல்லை. அவ்வளவுதான் மாறியிருக்கிறது, உன் மூளை இல்லை.

---

தறிச்சத்தம் | அக்டோபர் 13, இரவு 10:30

சார், நோட்டை எடுத்துப் பார்த்தேன். பண்பு நம்பர் 1, நம்பர் 2 என்று அதுதான் இருக்கிறது. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டு வைத்திருக்கிறேன்.

டெஸ்ட்டை எனக்கு நானே எப்படி வைப்பது? கேள்வியும் நான், திருத்துவதும் நான் என்றால் ஏமாற்றத் தோன்றுமே?

---

சாக்பீஸ் | அக்டோபர் 14, காலை 6:05

தோன்றும். அதனால் எளிதாக ஆரம்பி. அன்றைக்கு நடத்தியதை அன்று ராத்திரியே, நோட்டை மூடிவிட்டு, ஒரு பக்கம் எழுதிய பழைய தாளின் பின்பக்கத்தில் எழுது. கணக்கு என்றால் கேள்வியை மட்டும் எடுத்து எழுதிக்கொண்டு நோட்டைக் கட்டிலின் அந்தக் கோடியில் போடு. எழுந்து போய் எடுக்க வேண்டும் என்ற சோம்பலே பாதி ஏமாற்றுவதைத் தடுத்துவிடும் (என் பெண்ணுக்கு இதைத்தான் செய்தேன்). மாட்டிக்கொண்ட வரியில் பேனாவால் ஒரு வட்டம். மூன்று நாள் கழித்து அந்த வட்டங்களை மட்டும் திரும்பப் போடு. அடுத்த வாரம் மீண்டும் ஒரு தடவை.

அந்த வட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு உன் ஆசிரியரிடம் போ. "சார், இந்த யூனிட் புரியவில்லை" என்று வருகிற பிள்ளையிடம் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியாது. "இந்த மூன்றாவது வரியிலிருந்து நான்காவது எப்படி வந்தது" என்று கேட்டால் ஐந்து நிமிட வேலை. பள்ளியில் சந்தேகம் கேட்டால் திட்டு விழுமோ என்ற பயம் இருந்திருக்கும். எங்கள் ஸ்டாஃப் ரூமுக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் தவிர ஒருவரும் வருவதில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்று, காலக்கணக்கு. பிளஸ் டூ ஜூனில் தொடங்கினால் மார்ச் வரை ஓடும், அதிலும் ஜனவரியிலிருந்து ரிவிஷன் மட்டும்தான். செமஸ்டர் என்பது சுமார் பதினைந்து வாரம், ஐந்து யூனிட். மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் போய்க்கொண்டே இருக்கும். ரிவிஷன் காலம் என்று ஒன்று வரப்போவதில்லை. நாலு கிரெடிட் கணக்குப் பாடத்தில் வாரத்துக்கு மூன்று பாடவேளை, ஒரு டுடோரியல் இருக்கும். அந்த டுடோரியலைப் பிள்ளைகள் ஃப்ரீ ஹவர் மாதிரி நினைத்து அசைன்மென்ட் காப்பி அடிக்கப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் காசு கொடுத்து டியூஷன் வைத்தால் கிடைப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

---

கட்டுச்சோறு | அக்டோபர் 14, பகல் 1:15

நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2021-ல் பொறியியலுக்கும் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். கட்டணம் அரசு கட்டுகிறது, அதனால் வீட்டில் பண நெருக்கடி இல்லை. ஆனால் எனக்குக் கணக்கு பிரச்சினை இல்லை, காது பிரச்சினை.

முதல் மாதம் ஃபிசிக்ஸ் வகுப்பில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது, மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. புது ராட்சசன் என்று நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சூத்திரத்தைப் போர்டில் எழுதினார். அட, நம்ம நிலைமத் திருப்புத்திறன்! பதினொன்றாவதில் ஐந்து மார்க்குக்கு எழுதி முழு மார்க் வாங்கியது. தெரிந்த ஆளே பேண்ட் சட்டை போட்டு வந்தால் அடையாளம் தெரியாத மாதிரி.

அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி. இந்தப் பக்கம் தொகையீடு, அந்தப் பக்கம் இன்டெக்ரேஷன். வினையூக்கி, கேட்டலிஸ்ட். மின்தேக்கி, கெப்பாசிட்டர். கோண உந்தம், ஆங்குலர் மொமென்டம். தீபாவளிக்குள் நான்கு பக்கம் ஆனது, அதற்கப்புறம் புதிதாகச் சேர்வது குறைந்துவிட்டது. பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள் என்று ஜூனியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தமிழில் ஒரு தடவை படித்துவிட்டுப் போனால் ஆங்கிலத்தில் நடத்துவது பாதி ஏற்கனவே தெரிந்ததாக இருக்கும்.

வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வராவிட்டால் தமிழில் கேளுங்கள். முதல் தடவை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாவது தடவை அந்த நாலு பேரே "இதையும் சேர்த்துக் கேளேன்" என்பார்கள்.

---

தாராபுரத்தான் | அக்டோபர் 14, இரவு 8:20

சாக்பீஸ் சார் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். டெஸ்ட் நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் மோட்டார் கேள்வி அப்படியே நிற்கிறது. தினமும் டெஸ்ட் எழுதினாலும் "ஏன்" என்ற கேள்வி அந்த டெஸ்டில் இல்லையென்றால்? தப்பான கேள்வியைத் தினமும் மூன்று வேளை கேட்டால் தப்பாகத்தானே தேறுவான்?

---

சாக்பீஸ் | அக்டோபர் 14, இரவு 8:55

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. விடையின் கடைசியில் "இந்த எண் மாறினால் என்ன ஆகும்" என்று ஒரு கேள்வியைத் தானே சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இந்தத் தம்பியின் அணியில் 3-ஐ 4 ஆக்கினால் மூலைவிட்டம் 19 ஆகிவிடும், அப்போது ஐகன் மதிப்புகள் என்ன ஆகும், நேர்மாறு வருமா என்று பார்ப்பது மாதிரி. சில பிள்ளைகள் செய்கிறார்கள். எல்லோரும் செய்வதில்லை.

---

மஞ்சக்காடு | அக்டோபர் 15, காலை 11:02

பொறியியல் ஆட்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பி.ஏ. எகனாமிக்ஸ், இரண்டாம் வருடம், அரசு கல்லூரி. அந்தியூர்ப் பக்கம். அப்பா மஞ்சள், கரும்பு. நான்தான் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறேன்.

தாராபுரத்து அண்ணன் கேட்ட "ஏன்" எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதல் செமஸ்டரில் அளிப்பு பற்றி ஒரு அசைன்மென்ட். பள்ளியில் எழுதின மாதிரியே முன்னுரை, இலக்கணம், வகைகள், வரைபடம், முடிவுரை என்று ஏழு பக்கம், ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு. மேடம் திருத்திக் கொடுத்தபோது மார்க்கே போடவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "உங்க ஊர் மஞ்சளுக்கு இது பொருந்துமா?" நான் அழுதுவிட்டேன். புத்தகத்தில் மஞ்சள் இல்லையே!

லீவுக்குப் போனபோது அப்பாவிடம் சும்மா கேட்டேன், மஞ்சள் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். 2010-ல் விலை உச்சிக்குப் போனது. அதைப் பார்த்துக் கரும்பை அழித்துவிட்டு ஊரே மஞ்சள் போட்டது. "மஞ்சள் இன்னைக்குப் போட்டு நாளைக்குப் பிடுங்கறதா கண்ணு? வைகாசியில போட்டா தை மாசிக்குத்தான் வெட்டணும். அதுக்குள்ள எல்லாருதும் ஒரே நேரத்துல சந்தைக்கு வந்துருச்சு." விலை படுத்துவிட்டது. அடுத்த வருடம் பயந்துபோய் எல்லோரும் விட்டார்கள்.

திரும்ப வந்து நூலகத்தில் பார்த்தால் அதற்குப் பேரே இருக்கிறது, சிலந்தி வலைத் தேற்றம். போன வருட விலையைப் பார்த்து இந்த வருட விளைச்சலை முடிவு செய்வதால் விலையும் அளவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும். வரைபடத்தில் போட்டால் வலை மாதிரியே வரும். அப்பா சொன்னதை அந்தக் கோடுகளின் மேல் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. ஒரு இடத்தில் மட்டும் பொருந்தவில்லை. எங்கள் ஆட்கள் உடனே விற்காமல் குடோனில் இருப்பு வைக்கிறார்கள், புத்தகத்துத் தேற்றத்தில் இருப்பு கிடையாது. அதை எழுதினேன். இரண்டரை பக்கம்தான் வந்தது.

அந்த இரண்டரை பக்கத்தில்தான் எனக்குக் காலேஜ் என்றால் என்னவென்று தெரிந்தது. தறிச்சத்தம் தம்பி, நாலு தறி வீட்டிலேயே இருக்கிறது, அதுவும் மோட்டாரில் ஓடுகிறது, நீயோ எலக்ட்ரிக்கல். நான் வேறு சொல்ல வேண்டுமா?

---

பல்லடம்_அம்மா | அக்டோபர் 15, மதியம் 3:40

என் பெண்ணும் முதல் வருடம், ஹாஸ்டல். போனில் அழுதாள். யாராவது ராகிங் செய்கிறார்களோ என்று பதறிப்போய் அவர் உடனே கிளம்பிவிட்டார். கடைசியில் பார்த்தால் கெமிஸ்ட்ரியில் 14 மார்க். பள்ளியில் எப்போதும் ரேங்க் வாங்கியவள். "ஏன் கண்ணு குறைஞ்சுது" என்றுதான் கேட்டேன், அதற்கப்புறம் ஒரு வாரம் போனே எடுக்கவில்லை. எங்களுக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. நாங்கள் என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது?

---

நொய்யல்கரை | அக்டோபர் 15, மாலை 6:22

அம்மா, மார்க்கைக் கேளுங்க, தப்பில்லை. ஆனால் அதை முதல் கேள்வியாகக் கேட்காதீங்க. "இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்க. உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்க அம்மாயிக்கு நான் டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்கிறது என்று போனில் சொல்லுவேன். அவர் "அப்ப ரெண்டு சுருளும் ஒன்னையொன்னு தொடாதா? அப்புறம் கரண்டு எப்படி அந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். எங்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டதும் அதே கேள்விதான்.

ஊருக்குப் போவது பற்றி, தம்பி. தறிக்கு ஆள் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது, நாங்களும் பனியன் கம்பெனிப் பிழைப்புதான். மாதத்தில் இரண்டு வாரம் போ, இரண்டு வாரம் இரு. இருக்கிற சனி ஞாயிறில் ஹாஸ்டல் காலியாக, அமைதியாக இருக்கும். ஒரு யூனிட்டை அப்போது பிடித்துவிடலாம். போகிற வாரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே. திறக்காத பை மனசை இன்னும் அழுத்தும். வட்டம் போட்ட இரண்டு தாளை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள், பஸ்ஸில் பார்க்கலாம்.

வருகைப்பதிவையும் பார்த்துக்கொள். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதுவதே தகராறு. திங்கள் காலை லேட்டாக வந்து வந்தே என் ரூம்மேட் 71-க்குப் போய்விட்டான்.

---

தறிச்சத்தம் | நவம்பர் 30, இரவு 10:14

எல்லோரும் மறந்திருப்பீர்கள். இரண்டாவது இன்டர்னல் முடிந்து பேப்பர் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

கணக்கில் 50-க்கு 29. ஃபிசிக்ஸ் 18 தான், அதில் இன்னும் வழி தெரியவில்லை. பைத்தானில் 37, அது எப்படி என்று எனக்கே தெரியாது.

வீட்டில் அன்றைக்கே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாவு புதுசா ஏத்துனா முதல் நாள் இழை அறுந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார். அப்புறம் தறிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு அண்ணனை வைத்துக்கொண்டார்கள். கூலி போகிறது, அது ஒரு உறுத்தல்.

ராத்திரி டெஸ்ட் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். ஒருவன் கேள்வி எடுப்பான், மற்றவர்கள் எழுதுவோம், தாளை மாற்றித் திருத்துவோம். முதல் வாரம் ஆறு நாள் நடந்தது. இரண்டாவது வாரம் மூன்று நாள். தீபாவளிக்கு அப்புறம் ஒருவன் விலகிவிட்டான். இப்போது மூன்று பேர், வாரத்துக்கு நாலு நாள் நிற்கிறது. கேள்வி எடுக்கிற அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் புரிகிறது என்பதைக் கவனித்தேன். அடுத்தவனை மாட்டிவிட வேண்டும் என்று தேடும்போது இரண்டு பெட்டிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தன்னால் கண்ணில் படுகிறது. சாக்பீஸ் சார், 3-ஐ 4 ஆக்கிப் பார்த்தேன். அணிக்கோவை 20 வந்தது, நேர்மாறு உண்டு. ஐகன் மதிப்புகள் முழு எண்ணாக வரவில்லை, அங்கே விட்டுவிட்டேன்.

ஆசிரியரிடம் வட்டத் தாளோடு போனேன். முதல் தடவை வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை அவரே பார்த்து, "உள்ளே வா, யாருக்காக நிக்கிற?" என்றார்.

தாராபுரத்து அண்ணா, வீட்டுத் தறி மோட்டாரில் இரண்டு வயரை மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். செருப்பைத் தேடினார்.

---

தாராபுரத்தான் | டிசம்பர் 1, காலை 8:40

தறி மோட்டாரில் கை வைக்காதே, எதிர்ப்பக்கம் சுற்றினால் பாவு போய்விடும், அப்பா தேடியது நியாயம்தான். அரையாண்டு லீவில் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் வர முடியுமானால் தனிச் செய்தி அனுப்பு. எங்கள் டெஸ்ட் பெஞ்சில் மாற்றிக் காட்டுகிறேன்.

---

சாக்பீஸ் | டிசம்பர் 1, இரவு 9:12

20 சரி. முழு எண்ணாக வராததும் சரி, அங்கே விட்டதும் தப்பில்லை. மூன்றையும் கூட்டினால் 19, பெருக்கினால் 20 என்பது மட்டும் அவற்றைக் கண்டுபிடிக்காமலேயே உனக்குத் தெரியும். அதை எழுதி வைத்துக்கொள்.

ஃபிசிக்ஸுக்கு கட்டுச்சோற்றைக் கேள்.

---

நொய்யல்கரை | டிசம்பர் 1, இரவு 9:50

அடுத்த செமஸ்டர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வரும். புது டிராஃப்டர் வாங்காதே, என்னுடையது சும்மாதான் கிடக்கிறது. ஒரு திருகு லூஸ், நூல் சுற்றி வைத்திருக்கிறேன், கோடு நேராகத்தான் விழும். பென்சில் மட்டும் 2எச், எச்பி இரண்டும் புதிதாக வாங்கிக்கொள். ஞாயிறு காலை காந்திபுரம் வருகிறேன், டவுன் பஸ் ஸ்டாண்ட் பேக்கரி முன்னால் நில்.

---

தறிச்சத்தம் | டிசம்பர் 1, இரவு 10:03

இந்த ஞாயிறு ஊருக்குப் போகாத வாரம்தாங்கண்ணா. பத்து மணிக்கு நிற்கிறேன்.